திறமையைக் காட்டிக்கொடுப்பது அனுபவமே

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் சான்றோர்களே, கடையைச் சாத்திவிட்டும் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டும் வந்து அமர்ந்திருக்கும் அவையோரே, அனைவருக்கும் என் வணக்கம்.

“ஒருவர் தம்முடைய இயல்பான திறமையைக் கண்டுகொள்ளப் பெரிதும் துணை நிற்பது தன்னாய்வா, வாழ்க்கை அனுபவமா?” என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் ஒரு நோட்டுப் புத்தகத்தை உயர்த்திக் காட்டினார். இரவில் கால் மணி நேரம் தனியே உட்கார்ந்து, எனக்கு எது வரும், எது வராது, எதைச் செய்தால் மனம் நிறைகிறது என்று எழுதிக்கொண்டே வந்தால் மூன்றே மாதத்தில் நம் திறமை நமக்குத் தெரிந்துவிடும் என்றார். அந்த நோட்டுப் புத்தகத்தின் மீது எனக்கு ஒரு பகையும் இல்லை. அதில் எழுதுவதற்கு முதலில் ஏதாவது நடந்திருக்க வேண்டுமே என்பதுதான் என் கவலை.

தன்னாய்வுக்கு ஒரு மனிதரைச் சான்றாக நிறுத்துவதென்றால் எதிரணியினர் காந்தியடிகளைத்தான் நிறுத்தியிருக்க வேண்டும். ஏனோ அவர்கள் மறந்துவிட்டார்கள். ஆகவே அந்த வேலையை நானே செய்கிறேன். இலண்டனில் மாணவராக இருந்தபோதே செலவிட்ட ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதி, படுக்கப் போகும் முன் மீதியைச் சரிபார்த்தவர் அவர். தம் உணவையும் உடையையும் ஆசையையும் அச்சத்தையும் அவரைப் போல் உரசிப் பார்த்துக்கொண்டவர் குறைவு. அப்படிப்பட்டவருக்குத் தம் திறமை எது என்பது தெரிந்திருந்ததா? 1891-இல் பாரிஸ்டர் தகுதியோடு ஊர் திரும்பியவர் பம்பாயில் தொழில் தொடங்குகிறார். முதல் வழக்கு ஒரு சிறு வழக்கு. கட்டணம் 30 ரூபாய். எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்து நிற்கிறார். தலை சுற்றுகிறது. நீதிமன்றமே சுற்றுவது போல் இருக்கிறது. கேட்பதற்கு ஒரு கேள்வி கூட வாயில் வரவில்லை. உட்கார்ந்துவிடுகிறார். கட்டணத்தைத் திருப்பித் தருகிறேன், வேறு வக்கீலை அமர்த்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியேறுகிறார். இவ்வளவையும் தம் வரலாற்றில் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

அதன்பின் அவர் என்ன செய்தார்? எதிரணியினர் சொல்வதைத்தான் செய்தார். தமக்கு என்ன வரும் என்று யோசித்தார். ஆங்கிலம் வரும், ஆகவே பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்பிக்கலாம் என்று தோன்றியது. தினம் ஒரு மணி நேரம் கற்பிக்க 75 ரூபாய் என்று ஒரு விளம்பரம் வந்திருந்தது. விண்ணப்பித்துப் பார்த்தார். பட்டதாரி இல்லை என்று மறுத்துவிட்டார்கள். பிறகு மனு எழுதும் வேலையாவது வருகிறதே என்று இராஜ்கோட்டுக்குத் திரும்பி, மனு எழுதிப் பிழைத்தார். நடுவர் அவர்களே, இதுதான் தன்னாய்வு அந்த மனிதருக்குச் சொன்ன விடை! நடந்தது அவ்வளவுதான் என்று அவர் இராஜ்கோட்டிலேயே இருந்திருந்தால், நல்ல மனு எழுதுகிற ஒரு பாரிஸ்டர் என்ற அளவிலே அவர் பெயர் அந்த ஊரோடு நின்றிருக்கும்.

1893-இல் தாதா அப்துல்லா நிறுவனத்தின் வழக்குக்காக ஓராண்டு ஒப்பந்தத்தில் தென்னாப்பிரிக்கா போகிறார். இந்த இடத்தில் எல்லாப் பேச்சாளர்களும் அவரை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட கதைக்குத் தாவிவிடுவார்கள். நான் அதைச் சொல்ல வரவில்லை. நான் சொல்ல வந்தது ஒரு கணக்குப் புத்தகத்தின் கதை. அந்த வழக்கு முழுவதும் வரவு செலவுக் கணக்கு. கணக்கரோ ‘பி. நோட்’, ‘பி. நோட்’ என்று அடிக்கடி சொல்கிறார். காந்திக்கு அது என்னவென்று விளங்கவில்லை. அகராதியில் தேடினார், கிடைக்கவில்லை. வெட்கத்தை விட்டுக் கணக்கரிடமே கேட்டார். அது கடன் உறுதிச் சீட்டு என்று தெரிந்தது. உடனே கணக்குப் பதிவியல் நூல் ஒன்றை வாங்கிப் படித்து, கட்டுக்கட்டாகக் கிடந்த தாள்களைப் புரட்டி, வழக்கின் உண்மை நிலையை அறிந்தார். தம் கட்சிக்காரர் பக்கம் நியாயம் இருக்கிறது என்பது தெரிந்தது. ஆனால் இரு தரப்பும் ஒரே ஊர்க்காரர்கள், உறவினர்கள், வழக்கு நீண்டால் வக்கீல் கட்டணமே இருவரையும் தின்றுவிடும் என்பதும் தெரிந்தது.

ஆகவே எதிராளியான தையப் சேட்டையே அணுகிப் பேசி, இருவரையும் நடுவர் தீர்ப்புக்கு உடன்பட வைத்தார். தாதா அப்துல்லா வென்றார். தையப் சேட் தர வேண்டியிருந்த தொகை 37,000 பவுண்டும் வழக்குச் செலவும். அதை ஒரே தவணையில் கட்டினால் அவர் திவாலாக வேண்டியதுதான். அந்த வணிகர்களிடையே திவாலாவதை விடச் சாவது மேல் என்ற எண்ணம் இருந்த காலம் அது. வென்றவரிடம் போய், தவணை முறையில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று பேசி இணங்க வைத்ததுதான், இருவரையும் நடுவர் தீர்ப்புக்குச் சம்மதிக்க வைத்ததை விடக் கடினமாக இருந்தது என்கிறார் காந்தி. அது முடிந்தபோதுதான், மனிதர்களின் நல்ல பக்கத்தைக் கண்டுபிடித்து அவர்கள் நெஞ்சுக்குள் நுழைய நான் கற்றுக்கொண்டேன் என்று எழுதுகிறார். அதற்குப்பின் இருபதாண்டு வக்கீல் தொழிலில் பெரும்பகுதியை நூற்றுக்கணக்கான வழக்குகளைச் சமரசத்தில் முடிப்பதிலேயே செலவிட்டார்.

பம்பாயில் எழுந்து நின்றபோது அவருக்கு வராதது எதிராளியை மடக்குகிற திறமை. அந்தத் தென்னாப்பிரிக்க வழக்கு நடந்த பிரிட்டோரியாவில் அவருக்கு வந்தது எதிராளியை அருகில் உட்கார வைக்கிற திறமை. இரண்டாவது தமக்கு இருக்கிறது என்பதைப் பம்பாய் அறைக்குள் எத்தனை இரவு யோசித்தாலும் அவர் அறிந்திருக்க முடியாது. ஏனென்றால் பகைத்து நிற்கும் இருவர் அங்கே இல்லை. திவாலை நினைத்து நடுங்கும் ஒரு சேட் அங்கே இல்லை. சில மாதங்களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில், முன்பற்கள் இரண்டு உடைந்து, இரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்ற தமிழ்த் தொழிலாளி பாலசுந்தரத்துக்காக அவர் என்ன கேட்டார்? அடித்த முதலாளியைத் தண்டிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. இவரை அவரிடமிருந்து விடுவித்து வேறு ஒருவரிடம் மாற்றுங்கள் என்றுதான் கேட்டு, அதைச் செய்தும் முடித்தார். சரியா தவறா என்பது வேறு விவாதம். பிரிட்டோரியாவில் பிறந்த கைதான் நேட்டாலிலும் வேலை செய்தது என்பதை மட்டும் கவனியுங்கள்.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர், “அந்தத் திறமை அவருக்குள்ளே முன்பே இருந்ததுதானே?” என்று கேட்பதற்காக எழத் துடிக்கிறார். இருந்திருக்கட்டும். தலைப்பு, திறமை எங்கே இருந்தது என்பதல்ல; அதைக் காட்டியது யார் என்பதே. கிணற்றுக்குள் தண்ணீர் இருந்தது உண்மைதான், ஆனால் மேலே கொண்டு வந்தது வாளியும் கயிறும்தானே?

கணிதமேதை இராமானுஜனையும் அவர்கள் துணைக்கு அழைத்தார்கள். தனிமையில் தமக்குள் மூழ்கியே தம் திறமையை அவர் உணர்ந்தார் என்றார்கள். தனிமை உண்மை, ஆனால் அந்தத் தனிமையில் அவர் தம்மைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கவில்லை, கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். 1903 வாக்கில் கும்பகோணத்தில் அவர் கைக்குக் கிடைத்த ஒரு நூலில் ஆயிரக்கணக்கான தேற்றங்கள் இருந்தன, நிறுவல்கள் அநேகமாக இல்லை. அவற்றை ஒவ்வொன்றாகத் தாமே நிறுவிப் பார்த்தார். காகிதம் வாங்க வசதியில்லாமல் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, மீண்டும் போட்டார். அந்த முழங்கை தேய்ந்தது அனுபவம் அல்லாமல் வேறு என்ன?

நம்மை நாமே அளந்துகொள்வது எவ்வளவு வழுக்கலான வேலை என்பதை மனவியலார் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜஸ்டின் குரூகரும் டேவிட் டன்னிங்கும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களுக்குத் தருக்கம், இலக்கணம், நகைச்சுவையை மதிப்பிடுதல் ஆகியவற்றில் தேர்வு வைத்து, எப்படிச் செய்திருப்பீர்கள் என்று அவர்களையே கேட்டார்கள். மிகக் கீழான கால்பங்கு மாணவர்கள் சராசரியாக நூற்றில் 12 பேரைத்தான் முந்தியிருந்தார்கள். தாம் 62 பேரை முந்தியிருப்பதாக அவர்கள் நினைத்தார்கள். மேலே இருந்தவர்களோ தங்களைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். எதிரணித் தலைவரின் நோட்டுப் புத்தகத்தை இந்த இரு சாராரிடமும் கொடுத்துப் பாருங்கள், எது நிரம்பி வழியும், எது காலியாகக் கிடக்கும் என்று!

காலியாகக் கிடந்த ஒரு தாளை நானே பார்த்திருக்கிறேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் பல ஆண்டுகள் சூப்பர்வைசராக இருந்தவன். வேலைக்கு வருவோர் நிரப்பும் தாளில் ‘வேறு தகுதிகள்’ என்று ஒரு கட்டம் இருந்தது. ஒரு பெண் வந்தார். பத்தாம் வகுப்பில் தவறியவர். அந்தக் கட்டத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார். கைமடியாகச் சேர்த்துக்கொண்டோம். டெய்லர் தைத்துத் தள்ளுவதை எடுத்து அடுக்கிக் கொடுக்கிற வேலை அது. ஆறு மாதம் கழித்து, செக்கிங்கில் ஆள் குறைந்த ஒரு நாள் அவரை அங்கே நிறுத்தினேன். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், இவற்றைப் பார்த்து டேமேஜைப் பிரிப்பதுதான் வேலை. மதியத்துக்குள் அவர் பக்கத்தில் ஒரு தனிக் குவியல் கிடந்தது. கறையும் இல்லை, ஓட்டையும் இல்லை. ஏன் ஒதுக்கினாய் என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். “கை வேற கலருங்க சார்” என்றார். கருநீலச் சட்டை. எனக்கு முன்பாகமும் கையும் ஒரே நிறமாகத்தான் தெரிந்தன. “டியூப் லைட்ல தெரியாதுங்க, ஜன்னல்கிட்ட வாங்க” என்று இரண்டு உருப்படிகளை எடுத்துக்கொண்டு நடந்தார். வெயிலில் பிடித்தார். அப்போதுதான், அதுவும் அவர் விரலால் காட்டியபின்தான், கைப்பகுதி இம்மியளவு சிவப்பேறி இருப்பது எனக்குத் தெரிந்தது. இந்த நிற வேறுபாட்டைத்தான் எங்கள் தொழிலில் ‘ஷேடு’ என்போம். விசாரித்தால், கைக்கு வெட்டிய துணி சாயப்பட்டறையிலிருந்து வேறு லாட்டில் வந்தது. அந்தச் சரக்கு அப்படியே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது இந்த அவையில் இருக்கும் பனியன் தொழில்காரர்களுக்குத் தெரியும்.

அந்தப் பெண் அதுவரை தமக்குக் கூர்மையான நிறக்கண் இருக்கிறது என்று அறிந்தவரா என்று கேட்டேன். “எல்லாருக்கும் இப்படித்தானுங்களே தெரியும்?” என்று என்னையே திருப்பிக் கேட்டார். நடுவர் அவர்களே, இந்தக் கேள்வியில்தான் தன்னாய்வின் முழுத் தோல்வியும் இருப்பதாக நான் நினைக்கிறேன். இயல்பான திறமை இயல்பாகவே இருப்பதால், அதை உடையவருக்கு அது திறமையாகவே தெரிவதில்லை. மூச்சு விடுவதை யாராவது தகுதிகள் கட்டத்தில் எழுதுவார்களா? இன்னொருவருக்குத் தெரியாதது தமக்குத் தெரிகிறது என்பதை, இன்னொருவர் பக்கத்தில் நின்று வேலை செய்தால்தான் அறிய முடியும்.

“முப்பது ஆண்டு வேலை செய்தும் தம் திறமையை அறியாமல் ஓய்வு பெற்றவர்கள் இல்லையா?” என்று அவர்கள் கேட்டார்கள். இருக்கிறார்கள். எங்கள் கம்பெனியிலேயே ஒருவர் 20 ஆண்டு ஓவர்லாக் மெஷினிலேயே இருந்தார். அவர் தம்மை ஆராயாதது குறையா, அவரை ஒரு நாள் வேறு மேசையில் உட்கார வைக்காத என்னைப் போன்றவர்கள் மீது குறையா? என் மீதுதான் என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தயக்கமில்லை. எதிரணியின் வாதத்தில் எனக்கு உண்மையாகவே உறுத்துவது இதுதான். வாய்ப்பே கொடுக்கப்படாத ஒருவரைப் பார்த்து, ‘உனக்குள்ளே தேடு’ என்று சொல்வது அறிவுரை போலத் தோன்றினாலும், வாய்ப்புக் கிடைக்காததற்கான பழியை அவர் தலையிலேயே கட்டிவிடுகிறது. அடுக்களையை விட்டு வெளியே அனுப்பப்படாத பெண்ணும், பதினான்கு வயதில் பட்டறைக்குப் போன பையனும் எந்த அனுபவத்தை வைத்துத் தங்களை ஆராய்வார்கள்?

நடந்ததை அசை போட்டுப் பார்ப்பதற்கு ஓர் இடம் உண்டு என்பதை எங்கள் அணி மறுக்கவில்லை. தவணைக்கு இணங்க வைத்த அன்றிரவு காந்தி அதைப் பற்றி யோசித்திருக்காவிட்டால் அது தம் வழி என்று கண்டிருக்க மாட்டார். ஆனால் வியாபாரம் நடந்தபின் எழுதப்படுவதுதான் பேரேடு. கணக்கப்பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கடை திறக்காத நாளுக்கு அவரால் வரவு எழுத முடியாது.

மணி அடித்துவிட்டார்கள், ஒன்றே ஒன்றைச் சொல்லி அமர்கிறேன். அந்தப் பெண் திருமணத்துக்காக வேலையை விட்டுப் போய், நான்கு ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தார். கம்பெனி வழக்கப்படி மறுபடியும் அதே தாளைக் கொடுத்தோம். ‘வேறு தகுதிகள்’ என்ற கட்டத்தில் இந்த முறை கோடு இல்லை. ‘ஷேடு பார்ப்பேன்’ என்று எழுதியிருந்தார். வாய்ப்பளித்த நடுவர் அவர்களுக்கு நன்றி, வணக்கம்.