தேருக்கு வழி விடுங்கள்

விழாத் தலைவர் அவர்களே, மாநகராட்சி உறுப்பினர்களே, போக்குவரத்துக் காவல்துறை அதிகாரி அவர்களே, ஓய்வுபெற்ற பொறியாளர் பெருமக்களே, நான் சொல்ல வைத்திருந்ததில் பாதியை எனக்கு முன்னால் பேசியே முடித்துவிட்ட பேராசிரியர் அவர்களே, எல்லோருக்கும் வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கொடுத்த நேரத்தில் கணிசமான பங்கு வணக்கத்துக்கே போய்விடுகிறது!

பேருந்து, மிதிவண்டி, பார்க்கிங் கட்டணம். இன்று இந்த மூன்றைப் பற்றியும் பேசப் போகிறேன்.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். ஆளுக்கொரு தேர் கட்டிக்கொண்டு ஒரே வீதியில் இறங்கினால் என்ன ஆகும்? காலை ஒன்பது மணிக்கு ஏதாவது ஒரு சிக்னலில் நின்று பாருங்கள். ஐந்து பேர் உட்காரும் காரில் ஒருவர் இருப்பார். பக்கத்து இருக்கையில் அவருடைய கைப்பைக்குத்தான் சீட் பெல்ட் போட்டிருக்கும். பின்னால் அறுபது பேரோடு ஒரு பேருந்து. பச்சை விழும், நாலு கார் நகரும், மறுபடி சிவப்பு. படியில் தொங்குகிறவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

1972-இல் பிரேசில் நாட்டில் குரிச்சிபா என்ற ஊருக்கு மேயராக இருந்தவர் ஜெய்மே லெர்னர். கட்டடக் கலைஞர். ஊரின் முக்கியமான கடைத்தெருவில் கார் வேண்டாம், மனிதர்கள் நடக்கட்டும் என்று முடிவெடுத்தார். கடைக்காரர்கள் விடுவார்களா? வியாபாரம் படுத்துவிடும் என்று ஒரே கூச்சல். மனிதர் என்ன செய்தார் தெரியுமா? கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்க நேரம் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலையை ஆரம்பித்தார். மாதக்கணக்கில் ஆகும் என்ற வேலை, 72 மணி நேரத்தில் முடிந்தது. திங்கட்கிழமை பார்த்தால் தெருவில் நடைதளம், பூச்செடி, விளக்கு! ஜனங்கள் வந்தார்கள், கடையும் ஓடியது. எதிர்த்த வியாபாரிகளே அடுத்த தெருவுக்கும் நீட்டித்துத் தாருங்கள் என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

கார்க்காரர்களுக்குக் கோபம். வார இறுதியில் கூட்டமாகக் காரை ஓட்டி வந்து தெருவைப் பிடிப்பது என்று திட்டம். லெர்னர் போலீசைக் கூப்பிடவில்லை. தெரு நீளத்துக்குக் காகிதத்தை விரித்து, குழந்தைகளை உட்காரவைத்துப் படம் வரையச் சொன்னார். வந்தவர்கள் பார்த்தார்கள். தரை முழுக்கப் பிள்ளைகள், கையில் தூரிகை. எந்த மகராசன் ஏற்றுவான்? காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். (கைதட்டல்)

அதே ஊர்தான் 1974-இல் பேருந்துக்கென்று தனித் தடம் போட்டது. அப்புறம் 1991-இல் குழாய் வடிவ நிறுத்தங்கள் வந்தன. டிக்கெட்டை உள்ளே நுழையும்போதே வாங்கிவிடலாம். நடைமேடையும் பேருந்தின் தளமும் ஒரே உயரம். ஏறி இறங்கச் சில வினாடிதான். ஊர் கூடித் தேர் இழுக்கிறது என்றால் இதுதான்! தேர் வரும் வீதியில் யாராவது காரை நிறுத்தி வைப்பார்களா?

நகரத் தெருவில் ஒரு தடத்தைக் கார்களுக்கு விட்டால் மணிக்கு 600 முதல் 1,600 பேர் வரை போகலாம். அதே அகலத்தை அடிக்கடி ஓடும் பேருந்துக்கு ஒதுக்கினால் 4,000 முதல் 8,000 பேர். மெட்ரோ வரட்டுமே என்கிறார்கள். வரட்டும், யார் தடுத்தது? அது தோண்டி முடிவதற்குள் எங்கள் பிள்ளைகள் ரிட்டயர் ஆகாமல் இருந்தால் சரி. தனித் தடத்துக்குக் கோடும், தடுப்பும், மீறினால் படம் பிடிக்கிற கேமராவும் போதும். ஆனால் கோடு மட்டும் போட்டு ஏமாற்றாதீர்கள். ‘அஞ்சே நிமிஷம்தான்’ என்று ஒரு கார் நின்றால் அந்தத் தடம் செத்தது.

மிதிவண்டிக்கு வருகிறேன். நெதர்லாந்தின் உட்ரெக்ட் ரயில் நிலையத்தில் 12,500 மிதிவண்டிகள் நிறுத்த இடம் கட்டியிருக்கிறார்கள். அது ரயிலுக்குத் துணை, போட்டி அல்ல. பாரிஸில் வாடகை மின்ஸ்கூட்டர்களை நடைபாதையில் கண்டபடி போட்டதில் ஜனங்கள் வெறுத்துப்போய் 2023-இல் வாக்களித்தே அனுப்பிவிட்டார்கள். பேருந்து நிறுத்தத்தின் பக்கத்திலேயே மிதிவண்டியை ஒழுங்காக நிறுத்த இடம் கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. பாருங்கள், இதுவும் பேருந்தில்தான் வந்து நிற்கிறது.

பார்க்கிங் கட்டணம்... தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். அதைப் பேசினால் மேடையில் பாதிப் பேருக்கு என்னைப் பிடிக்காமல் போகும், இன்னொரு நாள் பார்ப்போம். பேருந்துத் தனித் தடம் கேட்கும் மனு வாசல் பக்க மேசையில் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. உறுப்பினர் அவர்கள் முதல் கையெழுத்துப் போடுவதாக மேடையிலேயே தலையாட்டினார், நீங்கள் எல்லோரும் சாட்சி. ஒலிபெருக்கித் தம்பிக்கும் நன்றி. வணக்கம்.