சாண்டா பார்பரா பிரெசிடியோ: எந்தக் காலத்துச் சுவர்?

நேயர்களுக்கு வணக்கம். கலிபோர்னியாவில் சாண்டா பார்பரா நகரின் நடுவே, கடைத்தெருவை ஒட்டி, ஸ்பானியர்களின் பழைய படைக்குடியிருப்பு ஒன்று இருக்கிறது. பிரெசிடியோ என்பார்கள். கோட்டை என்றதும் அகழி, கருங்கல் மதில் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். வெள்ளையடித்த மண்சுவர், மேலே சிவப்பு ஓடு, அவ்வளவுதான்.

1782 ஏப்ரலில் ஆளுநர் பிலிப்பே தே நெவே இதைத் தொடங்கினார். பாதிரியார் ஜுனிப்பெரோ செர்ராவும் உடனிருந்தார். கலிபோர்னியாவில் ஸ்பெயின் அமைத்த நான்கு பிரெசிடியோக்களில் இதுவே கடைசி. நடுவில் சதுர மைதானம், நாலு பக்கமும் வரிசை வீடுகள், ஒரு தேவாலயம். சிப்பாய்கள் மனைவி, பிள்ளைகளோடு இங்கேதான் குடியிருந்தார்கள். கட்டுமான வேலையில் அந்த மண்ணின் மக்களான சூமாஷ் பழங்குடியினரின் உழைப்பும் இருக்கிறது.

சுவரெல்லாம் சுடாத செங்கல். மண்ணையும் வைக்கோலையும் குழைத்து, அச்சில் வார்த்து, வெயிலில் காயவைப்பது. மேலே ஓடு இருக்கும்வரை நிற்கும். ஓடு போய்விட்டால் மழையே கரைத்துவிடும். 1812 நிலநடுக்கம் பலமாக ஆட்டியது. பிறகு அமெரிக்கர்கள் வந்து, தெருக்களைக் கட்டம் கட்டமாகப் போட்டதில் ஒரு தெரு மைதானத்தின் குறுக்கே ஓடிவிட்டது. அதன் பெயர் கேனன் பெர்டிடோ, தொலைந்த பீரங்கி. 1848-ல் கடற்கரையில் கிடந்த ஒரு பீரங்கி காணாமல் போனது. திருடியவர்கள் சிக்கவில்லை, ஊருக்கே 500 டாலர் தண்டம் போட்டார் ராணுவ ஆளுநர் மேசன். தண்டம் கட்டிய ஊர் அதைத் தெருவுக்கே பெயராக வைத்துக்கொண்டது. குசும்பு!

இன்று நாம் பார்ப்பதில் பழையது கொஞ்சம்தான்: எல் குவார்ட்டெல் என்ற காவலர் வீடும், கன்யேடோ வீடும். மற்றவை 1960-களுக்குப் பிறகு, அடித்தளத்தைத் தோண்டிப் பார்த்து, அதே முறையில் மண்கல் அறுத்துத் திரும்பக் கட்டியவை. தேவாலயம் எழுந்தது 1985-ல்.

எனக்கு நெருடிய விஷயம் ஒன்று உண்டு. ஸ்பானியர் போனபின் அந்த நிலம் சும்மா கிடக்கவில்லை. சீனர்களும் ஜப்பானியர்களும் அங்கே குடியேறி, கடை, உணவகம், புத்த ஆலயம் என்று ஒரு பேட்டையே உருவாக்கியிருந்தார்கள். 1942-ல் ஜப்பானியர்களை அரசு முகாம்களுக்கு அனுப்பியதில் பாதி கலைந்தது. பின்னால் பழைய சுவரை எழுப்ப இடம் வேண்டியிருந்தபோது, மிச்சக் கட்டடங்களில் பலவும் போயின. ஒரு காலத்தை மீட்க இன்னொரு காலத்தை இடிக்க வேண்டுமா? ஸ்பானியர் காலம் மட்டும்தான் சரித்திரம் என்று யார் முடிவு செய்தது? மீட்டெடுத்த அறக்கட்டளையே பிற்பாடு இதை உணர்ந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1947-ல் கட்டிய ‘ஜிம்மிஸ் ஓரியண்டல் கார்டன்ஸ்’ சீன உணவகக் கட்டடத்தை அது விலைக்கு வாங்கி, இடிக்காமல் வைத்திருக்கிறது.

நீங்கள் போனால் தேவாலயத்தையும் எல் குவார்ட்டெலையும் பார்த்த கையோடு, அதே கேனன் பெர்டிடோ தெருவில் இருக்கும் அந்த உணவகக் கட்டடத்தையும் ஒரு எட்டுப் பார்த்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.