பேரீச்சம்பழத்துக்குப் போகாத தட்டுகள்

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் பேராசிரியர் ஐயா அவர்களே, வாடகை வாங்காமல் இந்த அரங்கைத் திறந்துவிட்ட நூலகர் அம்மா அவர்களே, வர்த்தகர் சங்கத்துப் பெரியவர்களே, நாற்காலி போதாமல் பின்னால் நிற்கும் கல்லூரிப் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம். போன கூட்டத்தில் ஒலிபெருக்கித் தம்பியைச் சொல்ல மறந்தேன், பாதியில் மைக் நின்றுபோனது. அதனால் தம்பிக்கு இப்போதே ஒரு வணக்கம்.

ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள். எந்த மேடையில் ஏறினாலும் இதைச் சொல்கிறேன் என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். சொல்லட்டும். இன்றைய பேச்சுக்கு இதைவிடப் பொருத்தமான பழமொழி கிடையாது.

மூன்று சேதிகள் சொல்லப்போகிறேன். அமெரிக்கப் பாடகர் மில்டன் பிரவுன் யார், அவருடைய குழுவில் கிட்டாருக்கு எப்படி மின்சாரம் ஏறியது, அவர்களுடைய இசைத்தட்டுகள் நம் காதுக்கு எப்படி வந்து சேர்ந்தன.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம், ஃபோர்ட் வொர்த் நகரம். சுருட்டு விற்றுப் பிழைத்த மில்டன் பிரவுனுக்குப் பொருளாதார மந்தத்தில் வேலை போய்விட்டது. 1930இல் ஒரு வீட்டு நடன விருந்தில் பாப் வில்ஸ் பிடில் வாசிக்க, இவர் கூடச் சேர்ந்து பாட, ஜோடி பொருந்திவிட்டது. அடுத்த ஆண்டு ஒரு மாவு ஆலையின் விளம்பரத்துக்காக வானொலியில் பாடப் போனார்கள். மாவின் பெயர் லைட் கிரஸ்ட், குழுவின் பெயர் லைட் கிரஸ்ட் டவ்பாய்ஸ்.

ஆலை மேலாளர் டபிள்யூ. லீ ஓ'டேனியல். அவருக்கு இந்தப் பாட்டே பிடிக்காது! இரண்டே வாரத்தில் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார். நேயர்கள் கடிதம் எழுதித் தள்ளினார்கள். சரி, பாடுங்கள், ஆனால் ஆலையிலும் வேலை பார்க்க வேண்டும் என்றார். பகலெல்லாம் மாவு மூட்டை, நடுவில் பாட்டு. கொஞ்ச நாளில் மனிதர் என்ன செய்தார் தெரியுமா? மைக்கைத் தாமே பிடித்துக்கொண்டார். அறிவிப்பாளர் அவர், பாட்டு எழுதுகிறவரும் அவர். 1938இல் ஒரு நாட்டுப்புற இசைக்குழுவைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார், டெக்சாஸ் ஆளுநர் ஆகிவிட்டார்! 1941இல் செனட் தேர்தலில் அவரிடம் தோற்றவர் பின்னாளில் ஜனாதிபதியான லிண்டன் ஜான்சன். பாட்டைப் பிடிக்காதவர் பாட்டிலேயே பதவிக்கு வந்தார். (மேடையில் இருக்கும் பெரியவர்கள் யாரும் தவறாக நினைக்கக் கூடாது, நான் டெக்சாஸைத்தான் சொல்கிறேன்.)

அந்த மேலாளர் ஒரு தடை போட்டிருந்தார். நடன அரங்குகளில் வாசிக்கக் கூடாது. ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்குமா? 1932இல் பிரவுன் வெளியேறி, மியூசிகல் பிரவுனீஸ் குழுவைத் தொடங்கினார். ஊருக்கு வெளியே கிரிஸ்டல் ஸ்பிரிங்ஸ் என்ற நடன அரங்கம். இரட்டைப் பிடில், பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம், ஜாஸ் தெரிந்த பியானோக்காரர். நாட்டுப்பாட்டும், அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் பாட்டும் ஒரே தாளத்தில் ஊஞ்சலாடின. இந்தக் கலவை இசைக்கு வெஸ்டர்ன் ஸ்விங் என்ற பெயர் பின்னால்தான் வந்தது. 1934 கடைசியில் பாப் டன் வந்து சேர்ந்தார். மடியில் கிடத்திய கிட்டாருக்கு மின்சாரம் கொடுத்து, ஊதுகுழல் மாதிரி வாசித்தார். 1935 ஜனவரியில் சிகாகோவில் அது தட்டில் ஏறியது. அதைப் பற்றி அப்புறம் விரிவாகச் சொல்கிறேன்.

1936 மார்ச்சில் நியூ ஆர்லியன்சில் ஏறக்குறைய ஐம்பது பாட்டுகள் பதிவு செய்தார்கள். ஏப்ரல் 13 அன்று கார் விபத்து. ஐந்தாம் நாள் பிரவுன் இறந்தார். வயது 32. பாப் வில்ஸ் 1975 வரை வாழ்ந்தார், புகழெல்லாம் அவருக்குப் போனது. பிரவுனுக்கு மிஞ்சியது நூற்றுச் சொச்சம் பாட்டுகள்.

அவையும் எப்படித் தப்பின என்பதுதான் எனக்கு ஆச்சரியம். அந்தக் காலத்துத் தட்டு அரக்கால் ஆனது. அந்த அரக்கில் பெரும்பகுதி நம் இந்தியாவிலிருந்து போனது. 1942இல் போர்க்காலத் தட்டுப்பாடு வந்தபோது, பழைய தட்டைத் திருப்பிக் கொடுங்கள், அரைத்துப் புதுத் தட்டு செய்கிறோம் என்று அமெரிக்கக் கம்பெனிகள் கேட்டன. மாவு ஆலையில் தொடங்கிய பாட்டு அரவை இயந்திரத்தில் முடிந்திருக்கும்! கொடுக்காமல் வைத்திருந்த வீடுகளும், பிறகு தேடி அலைந்த சேகரிப்பாளர்களும் இருந்ததால் 1990களில் முழுத் தொகுப்பும் ஐந்து குறுந்தட்டுகளாக வந்தது. நான் கேட்டது அதைத்தான்.

இங்கே நான் எதற்கு வருகிறேன் என்று நூலகர் அம்மாவுக்குத் தெரியும், சிரிக்கிறார். எங்கள் அத்தை வீட்டில் இரண்டு பெட்டித் தட்டுகள் இருந்தன. நான் வெளியூரில் வேலைக்குப் போயிருந்தபோது, பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று வந்தவரிடம் எடைக்குப் போட்டுவிட்டார்கள். என்னென்ன பாட்டு இருந்தது என்று ஒரு பட்டியல்கூட இல்லை. அதனால்தான் நாலு வருடமாகக் கேட்கிறேன், இந்த நூலகத்தில் ஓர் அறை வேண்டும். ஒரு கிராமபோன், ஒரு கணினி, மின்விசிறி, பூட்டு. அவ்வளவுதான். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது, ஆனால் தட்டு சும்மாதான் இருக்கும், யாராவது முள்ளை வைக்கும் வரை.

மூன்றாவது சேதியைச் சொல்லிவிட்டேன், இரண்டாவது நின்றுபோனது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அறை கிடைக்கும் வரை வீட்டில் செய்ய வேண்டியதை மட்டும் சொல்கிறேன். தட்டுகளை அடுக்கிப் படுக்கப் போடாதீர்கள், நிமிர்த்தி வையுங்கள். ஸ்பிரிட் தொட்டுத் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும். உறையில் பாட்டுப் பெயரைப் பென்சிலால் எழுதுங்கள். வாசலில் நோட்டுப் புத்தகம் இருக்கிறது, வீட்டில் எத்தனை தட்டு இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போங்கள்.