வாத்தியார் விமானம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

சேலையூர், கேம்ப் ரோடு பக்கம் குடியிருப்பவர்களுக்கு விமானச் சத்தம் பழகிப்போயிருக்கும். "பைலட்டுக்குப் படிக்கிற பிள்ளைகள் ஓட்டுகிறார்கள்" என்று நினைத்திருப்பீர்கள். அவர்கள் ஏற்கெனவே விமானிகள். நம் தாம்பரத்தில் இருப்பது விமானப்படையின் பறத்தல் பயிற்றுநர் பள்ளி. 1948-இல் அம்பாலாவில் தொடங்கி, 1954-இல் இங்கே வந்தது. படைப்பிரிவுகளில் பறந்து பழகியவர்கள், வாத்தியார் ஆவதற்காக மறுபடி இங்கே மாணவர்களாக உட்காருகிறார்கள்.

சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம் என்பார்கள். இங்கே இரண்டும் ஒன்றாக வர வேண்டும். விமானத்தை ஓட்டிக்கொண்டே, என்ன செய்கிறோம் என்பதை வாய் சொல்லிக்கொண்டே போக வேண்டும். அதற்குப் 'பேட்டர்' என்று பெயர். அதைவிடக் கடினமானது, வாய் மூடியிருப்பது. தரை நெருங்குகிறது, மாணவர் தடுமாறுகிறார். முந்திக்கொண்டு கைவைத்தால் அவர் எதையும் கற்கப்போவதில்லை. பிந்தினால் இரண்டு உயிர். அந்த இடைவெளியை அளக்கத் தெரிந்தவர்தான் பயிற்றுநர்.

ஐதராபாத் அருகே டுண்டிகல் விமானப்படை அகாடமியில் பிலாட்டஸ் பிசி-7 விமானத்தில் மாணவர் முன்னால், வாத்தியார் பின்னால். தேறிவிட்டார் என்று தோன்றிய நாளில் வாத்தியார் இறங்கிக்கொள்கிறார். பின் இருக்கையின் வார்கள் அவிழ்ந்து கட்டுப்பாட்டுக் கோலில் சிக்கக் கூடாது. அதனால் காலி இருக்கையை இழுத்துக் கட்டுகிறார்கள். பிறகு மாணவர் தனியாக ஏறி, ஒரு சுற்று சுற்றி, தானே இறக்க வேண்டும். அதுதான் 'சோலோ'. காதில் வாத்தியார் குரல் இல்லாத முதல் பயணம்.

இவ்வளவு கவனமாக வளர்த்த பிள்ளைகளை நாம் எதில் ஏற்றினோம்? மெதுவாகப் பறக்கும் பயிற்சி ஜெட்டிலிருந்து, மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் தரையிறங்கும் மிக்-21 போர் விமானத்துக்கு. நடுவில் படி இல்லை. அந்தப் படி வேண்டும், உயர்நிலை ஜெட் பயிற்சி விமானம் வாங்குங்கள் என்று விமானப்படை விபத்துகளை ஆராய்ந்த லா ஃபோன்டைன் குழு 1982-இல் பரிந்துரைத்தது. ஒப்பந்தம் 2004-இல். கர்நாடகத்தின் பீதரில், ஹாக் என்னும் அந்தப் பயிற்சி விமானம் சேவையில் சேர்ந்தது 2008-இல். இருபத்தாறு ஆண்டுகள்! அந்தக் காலத்தில் மிக்-21 விபத்துகளில் எத்தனை இளம் விமானிகளை இழந்தோம்! எல்லாவற்றுக்கும் பயிற்சிக் குறைதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். இயந்திரக் கோளாறும் உண்டு, பறவை மோதியதும் உண்டு. ஆனால் தேவை என்று தெரிந்தும் தாமதித்தது நம் குற்றம்தான். போர் விமானத்தைத் தனியாக ஓட்டிய முதல் இந்தியப் பெண் அவனி சதுர்வேதி 2018-இல் ஜாம்நகரில் மிக்-21-ஐ ஓட்டினாரே, அவர் பீதரில் ஹாக்கில் பயின்றுவிட்டுப் போனவர்.

போர் விமானம் வாங்கினால் தலைப்புச் செய்தி. பயிற்சி விமானத்துக்கு யார் கைதட்டுகிறார்கள்? 2009-இல் எச்பிடி-32 என்னும் அடிப்படைப் பயிற்சி விமானங்களை விபத்துகளுக்குப் பிறகு நிறுத்தினார்கள். 2013-இல் பிலாட்டஸ் வரும்வரை, புதிதாகச் சேர்ந்தவர்கள் எடுத்த எடுப்பிலேயே கிரண் ஜெட்டில் ஏறினார்கள்.

இப்போது பெங்களூருவில் எச்ஏஎல் என்னும் அரசு விமான நிறுவனம் எச்டிடி-40 என்னும் அடிப்படைப் பயிற்சி விமானத்தைச் செய்கிறது. 70 விமானங்களுக்கு 2023-இல் ஒப்பந்தம் போட்டார்கள். உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் ஓட்டுக் கேட்டு வரும்போது, அந்த எழுபதில் எத்தனை மாணவர் கைக்குப் போயிருக்கிறது என்று கேளுங்கள்.