பழையாற்றங்கரைக்காரர்கள்

(நவம்பர் 1, குமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்த நாளையொட்டி, நாகர்கோவிலில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியது. கூடியவரை பேசியபடியே எழுதியிருக்கிறேன்.)

மதிப்புக்குரிய தலைவர் ஐயா அவர்களே! இந்த அரங்கில் இருப்பவர்களில் பாதிப் பேர் ஐயாவிடம் கணக்குப் படித்தவர்கள். எழுபத்தெட்டு வயதில், கைத்தாங்கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இரண்டு மாடிப் படி ஏறி வந்திருக்கிறார்கள். அதற்கே இந்தக் கூட்டம் கொடுத்து வைத்திருக்க வேண்டும். எங்கள் வட்டாரத்து மாமன்ற உறுப்பினர் சகோதரி அவர்களே! காலையிலிருந்து மூன்று நிகழ்ச்சி முடித்து, நான்காவதாக இங்கே வந்து, கடைசிவரை இருப்பேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அந்த வாக்கை நான் மறக்கப்போவதில்லை, ஏனென்றால் கடைசியில் உங்களிடம் ஒரு விண்ணப்பம் வைத்திருக்கிறேன். அருட்தந்தை அவர்களே, நூலகர் அவர்களே, பெஞ்சும் மைக்செட்டும் வாடகை வாங்காமல் தந்த தம்பி அவர்களே, சாயாவும் ரசவடையும் ஏற்பாடு செய்த மகளிர் குழுச் சகோதரிகளே, அனைவருக்கும் என் வணக்கம்.

மேடையில் தலைவருக்குப் போட்ட மாலையைப் பார்த்தீர்களா? தோவாளை மாணிக்கமாலை. வெள்ளையும் சிவப்புமாக அரளியை மடித்து மடித்து, பச்சைக்கு நொச்சி இலை வைத்து, பாய் முடைவதுபோலத் தட்டையாகக் கட்டுவார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் கல் பதித்த நகை மாதிரி மின்னும். 2025-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கட்டிய அக்கா பின்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். எழுந்து நில்லுங்கள் அக்கா, எல்லாரும் பார்க்கட்டும். (கைதட்டல்.)

சரி, தலைப்புக்கு வருகிறேன். "ஊர்ப்பெருமை" என்று கொடுத்திருக்கிறார்கள். மூன்று செய்தி சொல்வதாகக் குறித்து வந்திருக்கிறேன். ஒன்று, இந்த ஊர் எப்படி நம் ஊரானது என்பது. இரண்டு, நம் பேச்சு வழக்கு. மூன்று, நம் ஆறு. ஔவைப் பாட்டி சொன்ன ஒரு வரியைத் தொடக்கத்திலேயே உங்கள் காதில் போட்டுவிடுகிறேன்: ஆறில்லா ஊருக்கு அழகு பாழ்.

முதல் செய்தி. இந்த மண் நமக்குச் சும்மா கிடைக்கவில்லை. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாவும் 1956 நவம்பர் 1-இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அதற்கு முன் திருவிதாங்கூர். அந்த அரசின் காசுக்குச் சக்கரம் என்று பெயர், இருபத்தெட்டு சக்கரம் ஒரு ரூபாய். எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் பாட்டன் வாங்கிய நிலத்தின் ஆதாரப் பத்திரம் இன்னும் இருக்கிறது, முழுக்க மலையாளத்தில். பாட்டிக்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்க வரும், ஆனால் தன் சொந்த நிலத்தின் எல்லை என்னவென்று அறிய அடுத்த தெரு கணக்குப்பிள்ளையிடம் போக வேண்டும். இந்த நிலை மாற வேண்டும் என்றுதான் மார்ஷல் நேசமணி தலைமையில் அத்தனை பேர் தெருவுக்கு வந்தார்கள். 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள். அந்தப் போராட்டக் காலத்தில் சிறுவர்களாக இருந்தவர்கள் இன்று இந்த அரங்கில் இரண்டு பேராவது இருப்பார்கள். அவர்களுக்கு என் வணக்கம்.

இந்த ஊரில் பிறந்தவர்களைப் பாருங்கள். பூதப்பாண்டியில் 1907-இல் பொதுவுடைமைத் தலைவர் ஜீவா. ஒழுகினசேரியில் 1908-இல் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். இருவர் ஊரும் ஒரே ஆற்றங்கரையில், பழையாற்றங்கரையில். ஜீவா குளித்த தண்ணீர் கொஞ்ச நேரத்தில் ஒழுகினசேரிக்கு வந்திருக்கும், கலைவாணர் அதில் முங்கியிருப்பார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறியும். தேரூரில் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. அவர் 1954-இலேயே மறைந்துவிட்டார், இணைப்பைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. அவர் ஊர்க் குளமும் சுசீந்திரம் குளமும் சேர்ந்த நீர்நிலைக்கு 2022-இல் ராம்சர் அங்கீகாரம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. உலகமே வந்து "இது காக்க வேண்டிய இடம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறது.

கலைவாணர் சின்ன வயதில் நாடகக் கொட்டகையில் சோடா விற்றவர். கை நிறையச் சம்பாதித்த பிறகு என்ன செய்தார்? காந்தியடிகள் மறைந்ததும் நாகர்கோவிலில் நினைவுத்தூண் எழுப்பினார். ஊர் தனக்கு என்ன செய்தது என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. மணிமேடை மணிக்கூண்டு 1893-இலிருந்து நிற்கிறது. அதைக் கட்டியவர்கள் போய்விட்டார்கள், நாம் நேரம் பார்க்கிறோம்.

அப்புறம் என் பெரியப்பா கதை. இதைச் சொல்லாமல் நான் எந்த மேடையிலும் இறங்கியதில்லை. கேட்டவர்கள் இன்னொரு முறை பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பாவுக்கு முப்பத்தொரு வருடம் சென்னையில் வேலை. பொங்கலுக்கும் ஆனி விடுமுறைக்கும் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் வருவார். வள்ளியூர் தாண்டியதும் அவருக்குத் தூக்கம் கிடையாது. விடிந்தும் விடியாமலும், பெட்டி முழுக்க நடந்து எல்லாரையும் எழுப்புவார். "எழும்புங்க, எழும்புங்க, காத்து வருது!" ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழையும்போது ஜன்னலைத் தூக்கினால் காற்று முகத்தில் அறையும். ஆனி ஆடியில் வந்தவர்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் மலை, நடுவில் ரயில், வரிசையாகக் காற்றாலை. பிள்ளைகள் கத்தும், பெரியவர்கள் வாயைத் திறந்துகொண்டு அந்தக் காற்றைக் குடிப்பார்கள். "ஊரு வந்தாச்சு மக்களே" என்பார் பெரியப்பா. கண்ணைத் துடைத்துக்கொள்வார். காற்றில் தூசி என்பார். அது தூசி இல்லை என்று எங்களுக்குத் தெரியும்.

ஒருமுறை எதிர் இருக்கையில் தஞ்சாவூர்க்காரர் ஒருவர், குடும்பத்தோடு கன்னியாகுமரிக்குப் போகிறார். "அப்படி என்ன சார் இருக்கு உங்க ஊர்ல?" என்று கேட்டுவிட்டார். விடுவாரா? தோவாளைப் பூவில் தொடங்கினார். பிறந்த குழந்தைக்கும் கொடுக்கலாம் என்கிற மட்டிப் பழம், ஈத்தாமொழித் தேங்காய், வருடத்தில் இரண்டு பருவமழை, கன்னிப்பூ கும்பப்பூ என்று இரண்டு போக நெல், 1906-இல் மிஞ்சின் துரை கட்டி முடித்த பேச்சிப்பாறை அணை, அணை பக்கத்திலேயே அவர் கல்லறை. எல்லாம் சொல்லி, கடைசியில் "எங்க ஊர்ல ஆறு இருக்கு சார். ஆறில்லா ஊருக்கு அழகு பாழ்ன்னு ஔவை சொல்லியிருக்கா. ஊரைச் சுத்திப் பாத்துட்டு வீட்டுக்கு வாங்க, நான் நீச்சல் படிச்ச ஆத்தைக் காட்டுதேன்" என்றார்.

அவர் வந்தே விட்டார். மூன்றாம் நாள் குடும்பத்தோடு வீட்டு வாசலில் நிற்கிறார். பெரியம்மா உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் செய்து போட்டார். சாப்பிட்டு, சாயா குடித்து, வெயில் தாழ்ந்ததும் எல்லாரும் ஒழுகினசேரிப் பாலத்துக்குப் போனோம். பெரியப்பா முன்னால் நடக்கிறார், பையன்களுக்குச் சொல்லிக்கொண்டே. "பாலத்துக் கைப்பிடியில் ஏறி நின்னு சாடுவோம், கீழ மணல் தெரியும்."

பாலத்தில் போய் நின்றோம். கீழே தண்ணீர் தெரியவில்லை. கரையிலிருந்து கரைவரை ஆகாயத்தாமரை. இலைகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகப் பாலித்தீன் பைகள், ஒரு கிழிந்த மெத்தை, கோழிக்கழிவு கட்டிய மூட்டை. மூட்டை மேல் காகம். சின்னப் பெண்பிள்ளை துப்பட்டாவால் மூக்கைப் பொத்தியது. தஞ்சாவூர்க்காரர் நல்ல மனிதர். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "பாலம் நல்லாருக்கு சார்" என்றார்.

அவ்வளவுதான். பெரியப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்களை பஸ் ஏற்றிவிட்டு வந்தவர் ராத்திரி சாப்பிடவும் இல்லை.

மறுநாள் காலை என்னை எழுப்பினார். கையில் சொட்டு நீலக் குப்பி. வெள்ளை வேட்டிக்குப் போடுகிற அதே நீலம். "கூட வா மக்கா" என்றார். குளியலறைக்குள் போய்க் குப்பியை முழுக்க வாளித் தண்ணீரில் கவிழ்த்து, அதைத் தரையில் ஊற்றினார். பிறகு தெருவுக்கு வந்தோம். எங்கள் வீட்டுக் குழாய் வழியாக ஓடையில் நீலம் வந்தது. அதன் கூடவே நடந்தோம். மூடு கல்லுக்கு அடியில் மறையும், அடுத்த இடைவெளியில் தெரியும். முனை திரும்பியது. பெரிய ஓடையில் சேர்ந்து வெளிறியது, ஆனால் தெரிந்தது. இரண்டு தெரு, ஒரு தென்னந்தோப்பு, ஒரு மதில். அங்கே ஒரு குழாய் வாய். அதன் கீழே, முந்தின நாள் நாங்கள் பார்த்த அதே ஆற்றில், ஆகாயத்தாமரை வேருக்கு நடுவே லேசான நீலமாக எங்கள் வீட்டுத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

பெரியப்பா அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். "முப்பத்தொரு வருஷமா ரயில்ல எல்லாரையும் எழுப்பிச் சொல்லிக்கிட்டு வந்தேன். நம்ம வீட்டு ஓடை எங்க போகுதுன்னு ஒருநாள் பாக்கலியே மக்கா" என்றார்.

ஊர்ப்பெருமை பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அன்று கற்றுக்கொண்டதுதான். ஜீவா பிறந்த ஊர், கலைவாணர் பிறந்த ஊர் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. ஆனால் வீட்டு ஓடை எங்கே போய் விழுகிறது என்று அறிந்தவரைத்தான் நான் அசல் ஊர்க்காரர் என்பேன். அவர் நேற்று குடிவந்தவராக இருந்தாலும் சரி.

இரண்டாவது செய்தி, பேச்சு வழக்கு. சொல்ல நிறைய இருக்கிறது. நாம் "சாடு" என்றால் மற்ற ஊரில் "குதி". அதைத் தனியாக ஒரு கூட்டம் போட்டுப் பேச வேண்டும். இன்று ஆற்றை விட்டுவிட்டு அங்கே போக எனக்கு மனம் வரவில்லை.

ஏனென்றால் அந்த நீலம் ஒழுகினசேரியோடு நிற்காது. சோழந்திட்டை அணையைத் தாண்டும், தாணுமாலயன் கோயில் இருக்கிற சுசீந்திரத்தைத் தொடும், வயலுக்குப் பாயும், கடைசியில் மணக்குடிப் பொழிமுகத்தில் கடலில் சேரும். அங்கே அலையாத்தி மரங்களின் வேருக்குள்தான் மீன் குஞ்சு வளர்கிறது. நாம் காலையில் பேரம் பேசி வாங்குகிற மீன் அது. ஆகாயத்தாமரை தானாக வளரவில்லை. சோப்புத் தண்ணீரிலும் கழிவிலும் இருக்கிற சத்தைத் தின்றுதான் இப்படிப் பெருகுகிறது. எத்தனை முறை இயந்திரம் விட்டு அள்ளினாலும் நாம் தீனி போடுகிறவரை அது திரும்ப வரும். ஆறில்லா ஊருக்கு அழகு பாழ். ஆறு இருந்தும் பாழாக்கினால் அந்த ஊரை என்னவென்று சொல்வது?

பெரியப்பா என்ன செய்தார் தெரியுமா? ஒரு வாரத்தில் பின்கட்டில் உறிஞ்சுகுழி தோண்டினார். நான்கு அடி ஆழம். அடியில் பெரிய கருங்கல், அதன் மேல் உடைந்த செங்கல், அதற்கு மேல் சின்னச் சல்லி. குளியலறையும் அடுக்களையும் விடுகிற தண்ணீர் மட்டும் அதில். கக்கூஸ் தண்ணீர் கூடாது, அதற்குத் தனித் தொட்டி. கிணற்றை விட்டு நன்றாகத் தள்ளித் தோண்ட வேண்டும். குழிக்கு முன்னால் ஒரு சின்னத் தொட்டி கட்டி வலை போட்டால் முடியும் சோறும் உள்ளே போகாது, குழி அடைக்காது. பக்கத்தில் இரண்டு வாழை வைத்தார், மட்டிதான். பெரியப்பா இப்போது இல்லை. போன மாதம் அந்த வாழையில் தார் வெட்டினோம்.

மாமன்ற உறுப்பினர் சகோதரி அவர்களே, விண்ணப்பம் இதுதான். பாதாளச் சாக்கடை முழுதாக வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. இடம் இருக்கிற வீடுகளுக்கு உறிஞ்சுகுழி தோண்ட உங்கள் வார்டில் முதலில் உதவி செய்யுங்கள். இடம் இல்லாத தெருக்களுக்குத் தெருவோரத்தில் பொதுக்குழி. ஆற்றில் விழுகிற குழாய் வாய்களை எண்ணி ஒரு பட்டியல் எடுங்கள். ஒழுகினசேரியிலிருந்து கரையோரமாக நடந்து எண்ணித்தர நாங்கள் பதினாறு பேர் தயார். தாள் வாசலில் மேசை மேல் இருக்கிறது, போகும்போது எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள்.

தலைவர் ஐயா மணி பார்க்கிறார்கள். முடித்துவிடுகிறேன். வருகிற ஞாயிறு காலை ஆறரைக்கு ஒழுகினசேரிப் பாலத்தின் கிழக்குக் கரையில் கூடுகிறோம். மண்வெட்டியும் கூடையும் இருப்பவர்கள் கொண்டு வாருங்கள். கையுறை நாங்கள் வாங்கி வைத்திருக்கிறோம். பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்க வேண்டாம், கரையில் பை பொறுக்கினால் போதும். எட்டரை மணிக்குச் சாயா. சொட்டு நீலம் ஒரு அட்டைப்பெட்டி வாங்கியிருக்கிறேன், வீட்டுக்கு ஒரு குப்பி தருகிறேன்.

வணக்கம்.