பெரியப்பா கண்ட சைக்கிள்

நடுவர் அவர்களே, அணித்தோழர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை மாலையைத் தேக்கா கடைத்தெருவுக்குக் கொடுக்காமல் இந்தச் சமூக மன்றத்துக்குக் கொடுத்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

'மரண விளிம்புப் படங்கள் தருவது பயமா, பாடமா?' பாடமே! எதிரணியினர் எடுத்துக்கொண்ட படத்தையே நானும் எடுத்துக்கொள்கிறேன். 1990-ல் ஜோயல் ஷூமேக்கர் இயக்கிய 'பிளாட்லைனர்ஸ்'. 2017-ல் மறுபடியும் எடுத்தார்கள். முதல் படத்தில் ஐந்து மருத்துவ மாணவர்கள். செத்தால் என்ன தெரியும் என்று பார்க்க, ஒருவர் இதயத்தை மற்றவர்கள் நிறுத்தி, பிறகு மீட்கிறார்கள். ஒரு நிமிடத்தில் தொடங்கி, எனக்கு இன்னும் கொஞ்சம், எனக்கு இன்னும் கொஞ்சம் என்று ஏலம் விடுகிறார்கள். உயிர் திரும்பி வருகிறது. அதன் பின்னாலேயே அவரவர் செய்த பழைய பாவமும் வருகிறது.

எதிரணியில் தாதியாகப் பணிபுரியும் சகோதரி சொன்னார்: 'படத்தில் வருகிற மாதிரி, துடிப்பே இல்லாமல் திரையில் நேர்க்கோடு ஓடும்போது மின்னதிர்ச்சி கொடுப்பது மருத்துவமே இல்லை. தாறுமாறாகத் துடிக்கிற இதயத்துக்குத்தான் அது.' உண்மை, ஒப்புக்கொள்கிறேன். என் பெரியப்பா உயிரோடு வந்தது அந்த உண்மையால்தான்.

உட்லண்ட்ஸில் அவர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளம். கல்மேசையில் காப்பி. குடித்துக்கொண்டே இருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி ஆம்புலன்சுக்கு 995-ஐ அழைத்தார். மேல்மாடி மலாய்த் தம்பி நெஞ்சை அழுத்த ஆரம்பித்தான். இன்னொருவர் மின்தூக்கிப் பக்கத்தில் மாட்டியிருந்த பெட்டியை உடைத்து, மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவியைக் கொண்டு வந்தார். கருவி முதலில் இதயம் எப்படித் துடிக்கிறது என்று பார்த்தது. பிறகுதான் அதிர்ச்சி கொடுக்கச் சொன்னது. கொடுத்தார்கள். பெரியப்பா வந்துவிட்டார்!

மருத்துவமனையில் கண் விழித்ததும் பெரியம்மா கேட்டார்: 'என்னங்க, முருகன் தெரிஞ்சாரா?' பெரியப்பா சொன்னார்: 'சைக்கிள் தெரிஞ்சுது.'

கோயில் நண்பர் வந்தார். 'ஐயா, எல்லாரும் வெளிச்சம்ங்கிறாங்களே, உங்களுக்கு?' 'சைக்கிள்.' பேரன் வந்தான். 'தாத்தா, எமன் எருமையிலயா வந்தாரு?' 'சைக்கிள்டா!'

சபையோரே, 2001-ல் லான்செட் மருத்துவ இதழில் நெதர்லாந்து ஆய்வு ஒன்று வந்தது. இதயம் நின்று மீண்ட 344 பேரில் 62 பேர் ஏதோ ஓர் அனுபவத்தைச் சொன்னார்கள். சுரங்கப்பாதை, ஒளி, இறந்துபோன உறவினர்கள். சிலருக்கு வாழ்ந்த வாழ்க்கையே கண்முன் ஓடியிருக்கிறது. என் பெரியப்பாவுக்கு ஓடியது ஒரு பச்சை நிறப் பழைய சைக்கிள்.

யாருடையது? அவர் தம்பியுடையது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வெள்ளைக்காரன் இருந்த காலம். தம்பிக்குப் பதின்மூன்று வயது. விடியற்காலையில் வீடு வீடாகப் பேப்பர் போட்டு, காசு சேர்த்து வாங்கியது. அண்ணனுக்குப் பதினாறு. சீட்டாட்டத்தில் தோற்ற கடனுக்கு அதை ரகசியமாக விற்றுவிட்டு, 'தம்பி பூட்டாம விட்டான், எவனோ தூக்கிட்டான்' என்று வீட்டில் சொல்லிவிட்டார். தாத்தா இடுப்பு வாரை உருவினார். அந்தப் பிள்ளை அடி வாங்க வாங்கச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: 'நான் பூட்டிட்டுத்தான் வந்தேன்.' அண்ணன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கேதான் எதிரணித் தம்பிக்கு நான் பதில் சொல்ல வேண்டும். சற்றுமுன் கேட்டாரே, 'மன்னிப்புக் கேட்க எதுக்குங்க செத்துப் பார்க்கணும்? வாட்ஸ்அப்பில ஒரு சாரி தட்டினாப் போதாதா?' அரங்கமே கைதட்டியது. தம்பி, அந்தப் படத்தில் டேவிட் என்ற மாணவன், பள்ளியில் தான் கேலி செய்த பெண்ணின் வீடு தேடிப் போகிறான். அவளுக்குக் குடும்பம் ஆகிவிட்டது. வாசலில் நின்று, முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்கிறான். அவனுக்குக் கதவு திறந்தது. இன்னொரு மாணவன் நெல்சன்? சிறுவயதில் கூட்டாளிகளோடு சேர்ந்து பில்லி என்ற பையனை மரத்தில் ஏற விரட்டி, கல்லெறிந்தவன். பில்லி விழுந்து செத்துப்போனான். பில்லியின் எண் என்ன, தம்பி? எந்த எண்ணுக்கு சாரி தட்டுவான் நெல்சன்? அதனால்தான் அவன் மறுபடியும் இதயத்தை நிறுத்திக்கொண்டு சாவுக்குள்ளேயே தேடிப் போகிறான். பேய்க்குப் பயந்து போகவில்லை. கேட்காத மன்னிப்பைக் கேட்கப் போகிறான்!

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. ஒரு நிமிடம் கொடுங்கள். அந்த மாணவர்கள் முதலில் கேட்டதும் ஒரு நிமிடம்தான்.

பெரியப்பாவின் தம்பி யார் என்று நான் சொல்லவில்லை. என் அப்பா. யீஷூனில் என்னோடுதான் இருக்கிறார். உட்லண்ட்ஸிலிருந்து ரயிலில் நான்கே நிலையம். அண்ணனும் தம்பியும் கல்யாணம், கருமாதி என்று நூறு தடவை சந்தித்திருப்பார்கள். சைக்கிள் பேச்சு வந்ததே இல்லை. அப்பாவுக்கு இப்போது மறதி நோய். அம்மா இறந்தது நினைவில்லை. சில நாள் என் பெயரும் இருப்பதில்லை.

வீடு திரும்பிய மூன்றாம் வாரம் பெரியப்பா வந்தார். பெரியம்மா தடுத்தும் கேட்கவில்லை. அப்பாவின் நாற்காலிக்கு முன்னால், தரையில் உட்கார்ந்தார். அண்ணன், தம்பி காலடியில். 'அந்த சைக்கிளை நான்தான்டா வித்தேன்' என்றார். அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன். பெரியப்பாவும் அப்படித்தான் நினைத்தார். எழுந்திருக்கக் கையை ஊன்றினார்.

அப்போது அப்பா, பதின்மூன்று வயதுப் பிள்ளையின் குரலில் சொன்னார்: 'நான் பூட்டிட்டுத்தான்ணே வந்தேன்.'

பெரியப்பா அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். 'ஆமாண்டா. நீ பூட்டிட்டுத்தான் வந்தே.'

நன்றி. வணக்கம்.