எந்தச் 'சித்தி'?

நேயர்களுக்கு வணக்கம்.

வானொலியில் சினிமாவைப் பற்றிப் பேச வந்தால் போஸ்டரைக் காட்ட முடியாது, நடிகர் முகத்தைக் காட்ட முடியாது. பெயரைச் சொல்லத்தான் முடியும். "அடுத்து 'பொல்லாதவன்' படத்திலிருந்து ஒரு பாடல்" என்று அறிவித்தால், சிலர் எம்.எஸ். விஸ்வநாதன் பாட்டுக்குக் காத்திருப்பார்கள், சிலர் ஜி.வி. பிரகாஷ் குமார் பாட்டுக்கு. முன்னது 1980-இல் ரஜினிகாந்த் நடித்தது. பின்னது 2007-இல் வந்த வெற்றிமாறனின் முதல் படம்; தனுஷ் தன் பைக்கைத் தொலைத்துவிட்டுத் தேடி அலைகிற கதை. பெயரைத் தவிர இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இந்த இரண்டாவது படத்தில் ஒரு பழைய பாட்டைப் புதிதாக இசைத்துச் சேர்த்தார்கள்: 'எங்கேயும் எப்போதும்'. அது எந்தப் படப் பாட்டு? 'நினைத்தாலே இனிக்கும்', 1979, பாலசந்தர் படம். 2009-இல் அதே பெயரில் வேறொரு படம் வந்தது. சரி, பாட்டின் பெயராவது தனியாக நின்றதா? 2011-இல் 'எங்கேயும் எப்போதும்' என்றே ஒரு படம் வந்துவிட்டது! ஒரு பாட்டைத் தேடிப் போனவர் எத்தனை கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

தலைப்புக்குப் பதிப்புரிமை கிடையாது. 'தேசி பாய்ஸ்' என்ற இந்திப் படம் தொடர்பான வழக்கில் 2015-இல் நம் உச்ச நீதிமன்றமே இதைத் தெளிவாகச் சொன்னது. அதனால் தயாரிப்பாளர் சங்கங்களில் பெயரைப் பதிந்து வைத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவிலும் இப்படி ஒரு பதிவு முறை உண்டு. 2013-இல் லீ டேனியல்ஸ் 'தி பட்லர்' எடுத்தபோது, 1916-இல் அதே பெயரில் ஒரு ஊமைக் குறும்படம் வந்திருப்பதைக் காட்டி வார்னர் பிரதர்ஸ் மறித்தது. கடைசியில் இயக்குநர் பெயரையும் சேர்த்து 'லீ டேனியல்ஸ் தி பட்லர்' என்று வெளியிட்டார்கள். பிரிட்டனில் 1961 முதல் ஓடிய 'தி அவெஞ்சர்ஸ்' தொலைக்காட்சித் தொடரோடு குழம்பக்கூடாது என்று, மார்வலின் 2012 படத்துக்கு அங்கே 'அவெஞ்சர்ஸ் அசெம்பிள்' என்று பெயர் வைத்தார்கள். பழைய தொடரை நினைத்துப் பார்த்தார்களே, அந்த அக்கறை எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் சீரியல்களில் அந்த அக்கறை குறைவு. மணிரத்னத்தின் 'மௌன ராகம்' 1986-இல் வந்தது. 2017-இல் ஒரு சீரியலுக்கு அதே பெயர். சினிமா இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. சீரியல் தினமும் வீட்டுக்குள் வந்து, வருடக்கணக்கில் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அப்புறம் பெயர் யாருக்குச் சொந்தமாகும்? பெயரை எடுத்துக்கொள்வது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பெயரோடு ஆண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆண்டு இல்லாமல் சொல்லும்போதெல்லாம் பழைய படம் இன்னும் கொஞ்சம் அடியில் போகிறது.

'சித்தி' என்றதும் பலருக்கு ராதிகாதான் நினைவுக்கு வருவார். 1999-இல் தொடங்கிய அந்தத் தொடருக்காகச் சாப்பாட்டு நேரத்தையே மாற்றிக்கொண்ட வீடுகள் உண்டு. ஆனால் 1966-இலேயே கே.எஸ். கோபாலகிருஷ்ணன் இயக்கத்தில் ஒரு 'சித்தி' வந்தது. பத்மினிதான் சித்தி. அதில் ஒரு முக்கிய வேடத்தில் நடித்தவர் எம்.ஆர். ராதா, ராதிகாவின் அப்பா. அப்பா நடித்த படத்தின் பெயரிலேயே முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து மகள் வீடு வீடாக அறியப்பட்டார். தொடரைத் தவறாமல் பார்த்த பலருக்கு அந்தப் படம் இருப்பதே தெரியாது.

அந்தப் படத்தில் பி. சுசீலா பாடிய தாலாட்டு ஒன்று உண்டு, 'காலமிது காலமிது கண்ணுறங்கு மகளே'. தூங்க இப்போதுதான் நேரம், வளர்ந்துவிட்டால் பெண்ணுக்குத் தூக்கமே இல்லை என்று குழந்தையிடம் சொல்கிற பாட்டு. இந்த உரைக்குப் பிறகு அதை ஒலிபரப்பும்படி நிலையத்தாரிடம் கேட்டிருக்கிறேன். அறிவிக்கும்போது மறக்காமல் '1966' என்று சேர்த்துச் சொல்லவும் கேட்டிருக்கிறேன்.

வணக்கம்.